‘கில்யா’ என்னும் ஒரே சொல்: இலவச எபிரேய அகராதிக் கருவிகள் எவ்வளவு தாங்கும்?

எபிரேய அகராதிக் கருவி ஒன்றைச் சோதிக்க ‘ஷாலோம்’ (சமாதானம்), ‘ஹெசெத்’ (கிருபை) போன்ற பேர்போன சொற்களைக் கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. அவற்றில் எல்லாக் கருவியும் தேறிவிடும். சிறுநீரகத்தைக் கொடுத்துப் பாருங்கள், சாயம் வெளுக்கும். எபிரேயத்தில் அதற்குப் பெயர் ‘கில்யா’. பழைய ஏற்பாட்டில் 31 முறை வருகிறது. அவற்றில் 16 யாத்திராகமம், லேவியராகமம் ஆகிய இரண்டிலும் பலியிட்ட விலங்கின் உறுப்பாக வருபவை. ஏசாயா 34:6இல் ஆட்டுக்கடாவின் சிறுநீரகக் கொழுப்பு. உபாகமம் 32:14இல் கோதுமைக்கே சிறுநீரகம் உண்டு. மணியின் கொழுத்த சாரத்தை அப்படிச் சொல்கிறது. மிச்சம் 13 இடங்கள் மனிதனுடையவை. அங்கே அது உடலுறுப்பாக மட்டும் நிற்பதில்லை. இரவில் கண்டிக்கிறது, மகிழ்கிறது, குத்துண்கிறது, ஏங்கிச் சோர்கிறது, கடவுளின் சோதனைக்கு உள்ளாகிறது.

தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிடிக்க முடியாது. ‘பழைய திருப்புதல்’ எனப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் லேவியராகமம் 3:4 ‘குண்டிக்காய்’ என்கிறது. கறிக்கடையிலும் சித்த வைத்தியத்திலும் புழங்கிய சரியான சொல்தான், இன்று சபையில் சத்தமாக வாசிக்கச் சிலர் கூச்சப்பட்டாலும். சங்கீதம் 16:7க்கு வந்தால் அதே எபிரேயச் சொல் ‘உள்ளிந்திரியங்கள்’ ஆகிவிடுகிறது. யோபு 16:13இல் அதுவே ‘ஈரல்’. ‘ஈரக்குலை நடுங்கியது’ என்று பேசும் மொழிக்கு அங்கே ஈரல் இயல்பாக வந்து விழுந்திருக்கலாம். பின்னாளில் வந்த ‘பொது மொழிபெயர்ப்பு’ வேதாகமத்தில் சங்கீதம் 16:7 ‘மனச்சான்று’, எரேமியா 17:10 ‘உள்ளுணர்வுகள்’, சங்கீதம் 139:13 ‘உள் உறுப்புகள்’. ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துக்குப் பொருந்தும். ஆனால் தமிழில் எந்தச் சொல்லைத் தேடினாலும் 31 இடமும் ஒருசேரக் கிடைக்காது. பலிபீடத்தில் எரிந்த உறுப்பும் இரவில் கண்டிக்கும் உறுப்பும் ஒன்றே என்பது கண்ணுக்குத் தட்டுப்படாது. கருவி தேவைப்படுவது இதற்குத்தான்.

முதலில் ப்ளூ லெட்டர் பைபிள். இணையதளமும் கைப்பேசிச் செயலியும் இலவசம். தேடல் பெட்டியில் சங்கீதம் 16:7ஐ ஆங்கிலச் சுருக்கத்தில் கொடுங்கள். வசனத்தின் பக்கத்தில் உள்ள ‘டூல்ஸ்’ பொத்தானை அழுத்தி ‘இன்டர்லீனியர்’ என்ற பிரிவுக்குப் போனால், வசனம் சொல் சொல்லாகப் பிரிந்து கீழிறங்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு ஸ்ட்ராங்ஸ் எண். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட சொல்லடைவில் எபிரேய, அரமேயச் சொற்களுக்கு 8674 வரை எண் கொடுத்தார். நம் சொல்லின் எண் 3629. அதைத் தொட்டால் அகராதிப் பக்கம் திறக்கும். உச்சரிப்பு ஒலி, இலக்கண வகை, ஜேம்ஸ் அரசர் ஆங்கிலப் பதிப்பு அதை எப்படியெல்லாம் பெயர்த்தது என்ற கணக்கு, பொருள் சுருக்கம், ஸ்ட்ராங்கின் விளக்கம், கெசேனியஸ் என்ற ஜெர்மன் அறிஞரின் அகராதி, கடைசியில் அந்த எண் வரும் வசனங்கள் என்று ஒரே பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

எண்ணிக்கைக்கு இதை மிஞ்ச ஆளில்லை. எபிரேய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர், திக்குத் தெரியாமல் அலையாமல், நாலு தட்டில் 31 இடத்தையும் வரிசையாகப் பார்க்கலாம். ‘கிட்னீஸ்’ 18, ‘ரெய்ன்ஸ்’ 13 என்ற அந்தக் கணக்கே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. விலங்குக்கும் கோதுமைக்கும் வந்தால் முதல் சொல், மனிதனுக்கு வந்தால் இரண்டாவது.

சிக்கல் அதற்கு மேலே உள்ள வரிகளில். ஸ்ட்ராங், கில்யாவை ‘கெலி’ என்ற சொல்லின் பெண்பால் வடிவம் என்கிறார். கெலி என்றால் பாத்திரம், கருவி. இதைப் பிடித்துக்கொண்டு ‘சிறுநீரகம் என்பது கடவுள் நிரப்பும் பாத்திரம்’ என்று பிரசங்கம் கட்டுவது மிக எளிது. ஆனால் அரபியில் ‘குல்யா’, அக்காதியத்தில் ‘கலீத்து’ என்று உறவு மொழிகளிலெல்லாம் இதே சொல் சிறுநீரகத்தையே குறிக்கிறது. எபிரேயம் தனியாகப் பாத்திரத்திலிருந்து உருவாக்கிக்கொண்ட சொல் அல்ல இது. செமித்திய மொழிக் குடும்பத்தின் பழைய பொதுச்சொத்து. 1890இன் வேர்ச்சொல் வரியை 1890இன் வரியாகவே படிக்க வேண்டும். அந்த எச்சரிக்கை பக்கத்தில் கிடையாது. கெசேனியஸின் அகராதியும் 19ஆம் நூற்றாண்டுச் சரக்குதான்.

அகராதித் தலைப்பில் ‘கில்யா’ என்று ஒருமையில் போட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். வேதாகமத்தில் இந்தச் சொல் ஒருமையில் ஓரிடத்திலும் இல்லை, எப்போதும் பன்மைதான்: ‘கெலாயோத்’. ஒருமை வடிவம் அகராதிக்காரர்கள் தலைச்சொல்லாக வைத்துக்கொண்டது. உச்சரிப்புப் பொத்தானை அழுத்தினால் ஒலிப்பதும் அதுவே. வசனத்தில் உள்ள ஒலி வேறு.

பொருள் சுருக்கத்தில் ‘உணர்ச்சியும் பாசமும் குடியிருக்கும் இடம்’ என்கிறது. நீதிமொழிகள் 23:16க்கு இது சரி. மகன் நேர்மையாகப் பேசினால் தகப்பனின் சிறுநீரகங்கள் களிகூர்கின்றன. யோபு 19:27க்கும் சரி. சங்கீதம் 16:7இல் பொய்த்துப்போகிறது. அங்கே வினைச்சொல் ‘யாசர்’: கண்டித்துத் திருத்துதல், பிள்ளையை வளர்க்கும் கண்டிப்பு. அது பாசமும் அல்ல, உணர்ச்சிக் கொந்தளிப்பும் அல்ல. ஊர் அடங்கிய பிறகு உள்ளே இருந்து ஒருவன் நம்மைத் தட்டிக்கேட்பது. பெயர்ச்சொல்லை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு நகர்கிறவர்களுக்கு இது தவறிப்போகும். எந்த உறுப்புப் பெயரைத் தேடினாலும் அதையடுத்த வினைச்சொல்லின் எண்ணையும் தட்டிப் பார்க்க வேண்டும். உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதை வினைதான் சொல்லும். எரேமியாவிலும் சங்கீதம் 26:2இலும் வரும் ‘பாகன்’, ‘சாரஃப்’ இரண்டும் உலோகத்தைச் சோதிக்கும், உருக்கும் வினைகள். பழைய திருப்புதலின் ‘புடமிட்டுப்பாரும்’ அதை அப்படியே பிடித்திருக்கிறது. ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில் இந்தச் சூடு ஆறிப்போயிருக்கிறது.

ஆங்கிலத்தை நடுவில் வைத்து எபிரேயத்துக்குப் போவதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது, இதில் விழாதவர்கள் குறைவு. ஜேம்ஸ் அரசர் பதிப்பின் ‘ரெய்ன்ஸ்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லை எழுத்துத் தேடலில் போட்டால் ஏசாயா 11:5உம் வந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே எபிரேயத்தில் இருப்பது இடுப்பைக் குறிக்கும் வேறு சொல். கடிவாளத்துக்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துகள்தாம் என்பதால் குதிரையை இழுத்துப் பொருள் சொன்ன விளக்கங்களும் உலவுகின்றன. புதிய பதிப்புகளில் பள்ளம் இன்னும் ஆழம். ஈ.எஸ்.வி. (இங்கிலிஷ் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) பதிப்பில் சங்கீதம் 7:9 ‘மைண்ட்ஸ் அண்ட் ஹார்ட்ஸ்’ என்று இருக்கிறது. எபிரேய வரிசை ‘லிப்போத்’, ‘கெலாயோத்’, அதாவது இருதயங்கள், சிறுநீரகங்கள். ஆக, அங்கே ‘ஹார்ட்’ என்று அச்சாகியிருப்பது இருதயம் அல்ல, சிறுநீரகம். அதே பதிப்பில் எரேமியா 17:10க்குப் போங்கள். இருதயம் ‘ஹார்ட்’ ஆகவே இருக்கிறது, சிறுநீரகம் ‘மைண்ட்’ ஆகிவிட்டது. ஒரே ஜோடி, இரண்டு இடத்தில் தலைகீழ். தமிழ்ப் பழைய திருப்புதல் இந்த இரண்டு இடத்திலும் இருதயம், உள்ளிந்திரியம் என்று பிசகாமல் வைத்திருக்கிறது. தமிழ் வாசகர் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழைத் திருத்தப் போனால் கையிலிருந்ததையும் இழப்பார்.

அடுத்தது செஃபாரியா. இதுவும் இலவசம், விளம்பரம் கிடையாது, லாப நோக்கற்ற அமைப்பு நடத்துவது. யூத நூல்களின் நூலகம் இது. சொல் எண் முறையை நம்பி இது கட்டப்படவில்லை. சங்கீதம் 16:7ஐத் திறந்து வசனத்தைத் தொட்டால் பக்கவாட்டில் ஒரு பலகை விரியும். அந்த வசனத்தை மேற்கோள் காட்டும் உரைகள், மித்ராஷ் (பழைய யூத அறிஞர்களின் வேத விளக்கத் தொகுப்புகள்), தல்மூத் (அவர்களுடைய சட்ட விவாதத் தொகுப்பு) எல்லாம் வகைவாரியாக அதில் இருக்கும். எபிரேயச் சொல்லொன்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் (கணினியில் இரட்டைச் சொடுக்கு, கைப்பேசியில் அழுத்திப் பிடித்தல்) அகராதிப் பதிவு வரும். பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் மூவரின் 1906ஆம் ஆண்டு அகராதி, தல்மூத் மொழிக்கான ஜாஸ்ட்ரோ அகராதி, கிளைனின் வேர்ச்சொல் அகராதி மூன்றும் உள்ளே இருக்கின்றன.

கில்யா விஷயத்தில் செஃபாரியாவின் பலம் அகராதியில் இல்லை, அந்தப் பக்கப் பலகையில் இருக்கிறது. சங்கீதம் 16:7இலிருந்து பெரேஷித் ரப்பா என்ற மித்ராஷின் 61ஆம் அதிகாரத்துக்குப் போகலாம். ஆபிரகாமுக்குப் பாடம் சொல்லித்தரத் தகப்பன் இல்லை, ஆசிரியர் இல்லை. அவன் வேதத்தை எங்கே கற்றான் என்று கேள்வி. கடவுள் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களையும் இரண்டு ஆசிரியர்களைப் போல ஆக்கினார், அவை ஞானத்தைப் பொழிந்தன என்று பதில். ஆதாரம் இந்தச் சங்கீத வசனமே. ‘யாசர்’ என்ற வினையை அந்த அறிஞர்கள் எவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்கிறார்கள் பாருங்கள். ஸ்ட்ராங்ஸ் எண்ணைத் தட்டி வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் இது கிடைக்காது.

தல்மூதின் பெராகோத் 61அ பக்கத்துக்கு மட்டும் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டி நேரே போவது நல்லது. அங்கே உறுப்புகளுக்கு ஒரு வேலைப் பட்டியல் தொடங்கி, அடுத்த பக்கமான 61ஆவிலும் தொடர்கிறது: சிறுநீரகங்கள் ஆலோசனை சொல்லும், இருதயம் விளங்கிக்கொள்ளும், நாக்கு சொல்லை வெட்டி உருவாக்கும், வாய் முடித்துவைக்கும், ஈரல் கோபப்படும், பித்தப்பை அதன்மேல் ஒரு துளி விட்டு அடக்கும், மண்ணீரல் சிரிக்கும். 61அ பக்கத்திலேயே, இரண்டு சிறுநீரகங்களில் ஒன்று நல்லதையும் மற்றது தீயதையும் ஆலோசனை சொல்லும், நல்லது வலப்பக்கத்தது என்று எண்ண இடமுண்டு என்று வருகிறது. அதற்குக் காட்டும் ஆதாரம் பிரசங்கி 10:2, ஞானியின் இருதயம் வலது பக்கம் என்ற வசனம். இருதயத்தைப் பற்றிய வசனத்தைச் சிறுநீரகத்துக்கு ஆதாரமாக்க அவர்கள் தயங்கவில்லை. அறிவுரை சொல்பவரும் கேட்டு முடிவெடுப்பவரும் போல இரண்டும் ஜோடியாக வேலை செய்கின்றன என்பதே அங்குள்ள படம். ‘இருதயம் சிந்தனை, சிறுநீரகம் உணர்ச்சி’ என்று நவீன விளக்கங்களில் வரும் எளிய பாகப்பிரிவினை இந்தப் பக்கத்தின் முன் நிற்பதில்லை.

இன்றைய எபிரேயத்தில் மனச்சாட்சி உறுத்தலுக்கு ‘மூசார் கெலாயோத்’ என்றே பெயர். சிறுநீரகங்களின் கண்டிப்பு. ‘மூசார்’ அந்த ‘யாசர்’ வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல். மருத்துவமனையில் மாற்றிப் பொருத்தும் உறுப்பும் ‘கில்யா’தான், பேசுகிறவர்களுக்கு இரண்டும் மோதுவதில்லை.

செஃபாரியாவில் இடறும் இடங்கள் சில. வசன எண் யூத முறைப்படி இருக்கும். தமிழ் வேதாகமத்தின் சங்கீதம் 7:9 அங்கே 7:10. சங்கீதத் தலைப்பை முதல் வசனமாக எண்ணுவதால் ஒன்று கூடுகிறது. 16, 26, 73, 139 ஆகிய சங்கீதங்களில் தலைப்பு முதல் வசனத்துக்குள்ளேயே அடங்குவதால் எண் மாறாது. பாதி மாறும், பாதி மாறாது என்பதுதான் குழப்பம். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட அகராதிப் பதிவுகள் வரும். உயிர்க்குறி இல்லாத எபிரேய எழுத்தில் ‘முடிந்துபோதல்’ என்ற வினையும் ‘மணமகள்’ என்ற பெயரும் ஒரே மாதிரிதான் இருக்கும், பாத்திரமும் பக்கத்தில் நிற்கும். முதலில் வந்த பதிவை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. புதிய ஏற்பாடு அங்கே கிடையாது. முகப்பு மொழி ஆங்கிலமும் எபிரேயமும்தான்.

எபிரேய விசைப்பலகையைக் கைப்பேசியில் சேர்த்துக்கொண்டு நேரடியாகத் தேடுகிறவர்களுக்கு ஒரு பொறி: இந்தச் சொல்லுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு. ‘ஓ’ ஒலிக்கு ‘வாவ்’ எழுத்தைச் சேர்த்து எழுதுவது ஒன்று, விட்டு எழுதுவது மற்றொன்று. சங்கீதம் 16:7இல் வாவ் இருக்கிறது. லேவியராகமம் 3:4இல் சொல் முதலில் வருமிடத்தில் இல்லை, யோபு 19:27இலும் இல்லை. எழுத்துக்கு எழுத்து பொருத்தும் தேடலில் ஒரு வடிவத்தை மட்டும் போட்டால் பலிப் பகுதிகள் விடுபட்டுப்போகும். இரண்டையும் தனித்தனியே தேடி, ப்ளூ லெட்டர் பைபிளின் 31உடன் ஒப்பிட்டுக்கொள்வது பாதுகாப்பு.

ஒலியிலும் ஒன்று உண்டு. ஒலிபெயர்ப்பில் ஓரிடத்தில் ‘கெலாயோத்’, இன்னோரிடத்தில் தொண்டையில் உரசும் ‘ஃகில்யோத்தாய்’ (என் சிறுநீரகங்கள்) என்று இருப்பதைப் பார்த்து இரண்டு சொல் என்று நினைத்துவிடுவார்கள். முந்தைய சொல் உயிரொலியில் முடிந்து இதனோடு இணைந்து ஒலித்தால் ‘காஃப்’ எழுத்து உரசொலியாகும். நம் ககரம் ‘காகம்’ என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டு விதமாக ஒலிக்கவில்லையா, அதுபோல. யோபு 19:27இல் இது காதுக்கே விருந்து: ‘காலூ ஃகில்யோத்தாய்’. ‘காலூ’ என்றால் தீர்ந்துபோயின. சிறுநீரகங்கள் தம் பெயரின் ஒலியிலேயே தீர்ந்துபோகின்றன. இன்டர்லீனியர் பட்டியல் இந்த இரு சொல்லையும் 3615, 3629 என்று இரண்டு வரியாக வெட்டிப் போட்டுவிடுவதால் சிலேடை செத்துப்போகிறது. ஒலியோடு வாசிக்கும் பதிவைக் கேட்டால்தான் பிடிபடும்.

ஸ்டெப் பைபிளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கேம்பிரிட்ஜின் டிண்டேல் ஹவுஸ் தரும் இலவசக் கருவி, கணினியில் இறக்கி இணையமில்லாமலும் ஓட்டலாம். ஒரு சொல்லின்மேல் சுட்டியை வைத்தால் பக்கத்தில் அதே எபிரேயச் சொல் வரும் மற்ற இடங்களும் ஒளிரும். லேவியராகமம் 3ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துப் பாருங்கள், 4, 10, 15 வசனங்களில் இரண்டிரண்டாக ஆறு இடம் ஒளிரும்: முதலில் உறுப்பும் அதன் கொழுப்பும், பிறகு கல்லீரலின்மேல் இருக்கும் ஜவ்வோடு சேர்த்து மறுபடி. சொல்லின் அடர்த்தியைக் காட்ட இது நல்லது. பொருளுக்கு மற்ற இரண்டுமே மேல். அச்சில் 1906ஆம் ஆண்டு அகராதியை வாங்க நினைப்பவர்களுக்கு: அது வேர்ச்சொல் வரிசையில் அடுக்கியது, அகர வரிசையில் தேடினால் சொல் கிடைக்காது. வேர் தெரியாத நிலையில் திரைப் பதிப்பே போதும்.

எந்தக் கருவியும் தடுக்காத பிழை ஒன்று மிச்சம். ‘சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுவதால் எபிரேயர் அதை மனச்சாட்சிக்கு உவமையாக்கினர்’ என்ற விளக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 31 இடங்களில் ஒன்றிலும் சிறுநீரோ வடிகட்டலோ பேச்சில்லை. அந்த எழுத்தாளர்கள் கண்டது கசாப்புக்காரன் கண்டது: வயிற்றைக் கிழித்து, குடலை ஒதுக்கி, கடைசியில் முதுகோரம் கெட்டிக் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும் ஜோடி. உடலில் இவ்வளவு ஆழத்தில், இவ்வளவு மூடப்பட்டு வேறொன்றில்லை. ‘வாய்க்குச் சமீபம், உள்ளிந்திரியங்களுக்குத் தூரம்’ என்று எரேமியா 12:2 அளக்கும் தூரம் உடலின் வெளிவாசலுக்கும் கடைசி அறைக்கும் இடையிலானது. பலிச் சட்டத்தில் அந்தக் கொழுப்பு முழுவதும் பலிபீடத்துக்குரியது, மனிதர் உண்ணத் தடை. யூத சமையலில் இன்றும் சிறுநீரகத்தை உண்ணலாம், சுற்றியுள்ள கொழுப்பை உரித்தெடுத்த பிறகு மட்டும்.

முழுத் தேடலுக்கு இந்த வரிசை போதும். ப்ளூ லெட்டர் பைபிளில் 3629ஐத் தட்டி 31 இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மனிதரைப் பற்றிய 13இல் ஒவ்வொன்றின் வினைச்சொல்லையும் தனியே எழுதுங்கள். அந்த 13ஐச் செஃபாரியாவில் திறந்து மித்ராஷ், தல்மூத் பிரிவுகளை மட்டும் பாருங்கள். உரைகள் எல்லாவற்றையும் திறந்தால் ஒரு வாரம் போகும். பழைய திருப்புதலையும் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வையுங்கள். கடைசியாக மறுபடி ப்ளூ லெட்டர் பைபிளுக்கு வந்து வெளிப்படுத்தின விசேஷம் 2:23ஐப் பாருங்கள். கிரேக்கத்தில் ‘நெஃப்ரோஸ்’, எண் 3510, புதிய ஏற்பாடு முழுவதிலும் சிறுநீரகம் வரும் ஒரே இடம். எரேமியா 17:10இன் எதிரொலி அங்கே கேட்கும், தமிழிலும் ‘உள்ளிந்திரியங்களையும் இருதயங்களையும் ஆராய்கிறவர்’ என்று.